உயிருள்ள முள்

நுழையும் முன்

செடியில் முள் இருப்பதை அறிவோம். தொட்டால் நகர்ந்து செல்லும் முள்ளைக் கண்டதுண்டா? அத்தகைய விந்தைப் பூச்சி ஒன்றைப் பற்றி அறிவோம், வாருங்கள்.

பாடம்

மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வெப்ப நிலங்களில் 'உம்போனியா' என்னும் பேரினத்தைச் சேர்ந்த பூச்சிகள் வாழ்கின்றன. இவற்றை நாம் முட்பூச்சிகள் எனலாம். மரச்சாற்றை உறிஞ்சி வாழும் இவை, சில்வண்டுக்கு உறவானவை. இவற்றுள் ஓர் இனம் அமெரிக்காவின் புளோரிடாவிலும் காணப்படுகிறது. அங்கே நாம் நன்கறிந்த வாகை, புளி ஆகிய மரங்களிலும் அது வாழ்கிறது.

இப்பூச்சியின் நீளம் ஏறத்தாழ 1 செ.மீ. தலைக்குப் பின்னுள்ள ஓடு உயர்ந்து, கூரிய முள்ளாக நிற்கும். பசுமஞ்சள் உடலில் செந்நிறக் கோடுகள் ஓடும். பல பூச்சிகள் கிளையில் வரிசையாக அமர்ந்தால் முட்கிளை என்றே தோன்றும். ஏமாறாத பல்லி கவ்வினாலும், அந்த வன்மையான முள்ளை விழுங்குவது எளிதன்று.

ஆனால், இளம்பூச்சிகளின் உடல் மென்மையானது; பெரியவற்றின் வலிய முள் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை. அவற்றைக் காப்பவர் யார்? தாயே! சிறுகிளையைக் கீறி முட்டையிடும் தாய், அவ்விடம் விட்டு அகலாது. கண்ணை இமை காப்பதுபோலக் காக்கும். குஞ்சுகள் பொரித்தபின், அவை சாறு உண்ண ஏதுவாகப் பட்டையில் கீறல்கள் இடும். அவை வளர்ந்து முதிரும்வரை உடனிருக்கும்.

குளவி ஒன்று தாக்க வந்தால், குஞ்சுகள் தம் உடலை அசைத்துக் கிளையை அதிரச் செய்யும். ஒன்றன்பின் ஒன்றாக எழும் அவ்வதிர்வு, அலைபோல் கூட்டம் முழுவதும் பரவும். தனிக்குஞ்சின் அழைப்பைவிடக் கூட்டத்தின் அழைப்புக்கே தாய் மிகுதியாகச் செவிசாய்க்கும். உடனே விரைந்து வந்து, சிறகடித்தும் காலால் உதைத்தும் பகையை விரட்டும். பின்னர்த் தாயும் அதிர்வொலி எழுப்பும். அதனால் குஞ்சுகளின் வீண் அழைப்புகள் குறையும்.

தாயை இழந்த குஞ்சுகளுள் பிழைப்பவை மிகச் சிலவே. முள்ளின் தோற்றத்தினும் தாயின் காவலே அவற்றுக்குப் பெருங்கவசம்.

சொற்பொருள்

ஏதுவாக – வசதியாக
அகலாது – நீங்காது
கவசம் – உடலைக் காக்கும் உறை

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக: முட்பூச்சி, அவ்விடம், பெருங்கவசம்.

ஆ. விடை எழுதுக:
1. முட்பூச்சியின் முள் அதற்கு எவ்விரு வகைகளில் உதவுகிறது?
2. பகை வரும்போது குஞ்சுகள் தாயை எவ்வாறு அழைக்கின்றன?

இ. 'கண்ணை இமை காப்பதுபோல' என்னும் உவமைத் தொடரை அமைத்துச் சொந்தமாக ஒரு தொடர் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக: குஞ்சுகள் வீணாக அழைத்துக்கொண்டே இருந்தால் என்ன நேரும்?

உ. செய்து பார்: நீண்ட மரமேசையின் ஒரு முனையில் காதை வைத்துக்கொள். மறுமுனையை விரலால் மெல்லத் தட்டுமாறு நண்பரிடம் சொல். நீ உணர்ந்ததை வீட்டில் உள்ளோரிடம் தமிழில் கூறு.