மண்ணிலிருந்து வெந்நீர்

கிணற்றுத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறி வராது. பம்ப் செட் ஏற்றித் தரவேண்டும். வெப்பமும் அப்படியே. குளிர்ந்த மண்ணிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் 'இறைத்து' வீட்டுக்கு வெந்நீர் தரும் 'வெப்ப பம்ப்', ஸ்வீடன் நாட்டில் பட்டணத்திலும் பண்ணையிலும் பரவலாக உள்ளது. 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பின் அந்நாட்டார் இதில் முனைந்தனர்.

அங்கே தென்பகுதியில் குளிர்காலத்தில் குளம் உறைந்து கிடந்தாலும், ஆழத்தில் பூமி சுமார் 8 டிகிரியில் இருக்கும். அதில் ஏது சூடு என்று கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பின்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பண்டங்களிலிருந்து எடுத்த வெப்பம்தான் அங்கே வெளிப்படுகிறது. இங்கே பண்டங்களுக்குப் பதில் மண்; அவ்வளவே.

நிலவசதி உள்ளவர்கள் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் 300, 400 மீட்டர் பிளாஸ்டிக் குழாயைப் புதைக்கிறார்கள். இல்லாதவர்கள் 100 முதல் 200 மீட்டர் வரை துளை போடுகிறார்கள். குழாயில் தண்ணீரும் எத்தனாலும் கலந்த திரவம் சுற்றிவரும். ஈரமான களிமண் நிலம் உத்தமம். வறண்ட மணல் ஆகாது. குழாய்களை நெருக்கிப் புதைத்தால் மண் அளவுமீறிக் குளிர்ந்து, வசந்தத்தில் பனி இளகத் தாமதமாகும். பயிர் செய்கிறவனுக்கு இது நஷ்டம். மேலாகப் புதைத்த குழாய்க்குக் கிடைப்பது பூமியின் வயிற்றுச் சூடு அல்ல. கோடையில் வெயிலும் மழையும் மண்ணில் சேர்த்துவைத்த சூடே அது.

கிணறு ஆழமானால் மின்செலவு கூடும் அல்லவா? இங்கேயும் அதே கணக்குதான். தரையைச் சூடாக்க 35 டிகிரி போதும். குளிக்கும் நீருக்கு 55 வேண்டும். ஆகவே வெந்நீர்தான் இந்த இயந்திரத்துக்குக் கடினமான வேலை. 200 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற, சாதாரண மின்ஹீட்டருக்கு ஏறக்குறைய பத்தரை யூனிட் ஆகும். நல்ல வெப்ப பம்புக்கு நாலு யூனிட் அளவில் முடியும்.

சிக்கனம் என்று 40 டிகிரியிலேயே நிறுத்திவிடக் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியபோதுதான் இதன் கதை வெளிப்பட்டது. எனவே தொட்டியை அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றுவது அவசியம். அதற்காகும் மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நம் சமவெளியில் வெந்நீருக்கென்று மட்டும் துளை போடுவது வீண் செலவு. இங்கே காற்றே வெதுவெதுப்பாக இருப்பதால் அதிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்ப் போதும். பால்பண்ணை வைத்திருப்போருக்கு வேறொரு வழியும் உண்டு. கறந்த பாலை 37 டிகிரியிலிருந்து 4-க்குக் குளிர்விக்கும்போது, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 37 யூனிட் வெப்பம் வெளியேறி வீணாகக் காற்றில் கலக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினால் கேன் கழுவ வெந்நீர் கிடைக்கும். குளிர்விக்கும் இயந்திரம் வாங்கும்போதே இந்த இணைப்பையும் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு காஸ் குழாயை வெட்டி ஒட்டினால் கசிவுக்கு இடமுண்டு.