ஓடும் ஜீப்பிலும் ஆடும் படகிலும் லேப்டாப்

முல்லைப் பெரியாறு அணைக்குப் போகும் தமிழக நீர்வளத்துறைப் பொறியாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. தேக்கடியில் படகேறி ஏரி வழியாகப் போகலாம். இல்லையென்றால் வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு வழியாகக் காட்டுப் பாதையில் ஜீப்பில் போகலாம். பாலக்காட்டுப் பக்கமும் பாதை எல்லை தாண்டித்தான் போகிறது. பரம்பிக்குளம் கேரள மண்ணில் இருக்கிறது, ஆனால் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் கிளம்புவதோ கேரளத்துச் சூரியநெல்லியில். இந்த எல்லை மலைகளில் அணைப் பொறியாளர், நில அளவையாளர், ஏலத்தோட்டக் கணக்கர், மருத்துவ முகாம் ஊழியர், கல்யாணப் போட்டோகிராபர் என்று பலரும் இப்போது லேப்டாப்போடுதான் ஏறி இறங்குகிறார்கள். கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் மறு நில அளவை தொடங்கிய பிறகு மலைப்பாதையில் போகும் மின்னணுக் கருவிகள் இன்னும் கூடிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை மடியிலோ பின்சீட்டிலோ அரிசி மூட்டைக்கு மேலேயோதான் பயணம் செய்கின்றன.

மடிதான் மிக மோசமான இடம். 2 கிலோ லேப்டாப் மடியில் இருக்கும்போது கனமாகத் தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அதே லேப்டாப் ஏறத்தாழ 25 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில் கட்டாமல் கிடந்தால் அது முன்னால் இருப்பவரின் பின்தலையை நோக்கித்தான் வரும். ஆகவே திரை வசதியாகத் தெரிகிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். பொருள் வண்டியோடு ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

லேப்டாப்பை அப்படிப் பிடித்து வைக்கும் ஸ்டாண்ட் வாங்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். படகும் ஜீப்பும் வெவ்வேறு விதமாக ஆடுகின்றன. பாய்மரப் படகு காற்றின் அழுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அந்தச் சாய்விலேயே ஓடும். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். கடற்படையின் ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அந்த மாதிரிப் பயணத்தில் மேசை சாயும், அடுப்பு சாயும், எல்லாமே சாயும். அதனால் பாய்மரப் படகில் அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிட்டு, படகு சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும்படி வைப்பார்கள். மேசையின் விளிம்பில் விரற்கடை உயரத்துக்குச் சட்டம் அடித்திருப்பார்கள், வைத்த பொருள் வழுக்கி விழாமல் இருக்க. திரையையும் ஊசலாடும் அச்சில் மாட்டுபவர்கள் உண்டு. கடலில் இது சரியான ஏற்பாடு.

இதைப் பார்த்து ஜீப்பிலும் ஊசலாடும் ஸ்டாண்ட் போட்டால் கெட்டது. ஜீப்பின் ஆட்டம் மெதுவான சாய்வு அல்ல, வெட்டி வெட்டி வரும் உதறல். தொங்கும் எதுவும் அந்த உதறலை வாங்கிப் பெருக்கித்தான் திருப்பித் தரும். வண்டியின் இரும்போடு இறுக்கமாக, குட்டையாக, தாழ்வாகக் கட்டப்பட்டதே ஜீப்பில் பிழைக்கும். தேக்கடி மோட்டார் படகு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏரியில் பெரிய அலை இல்லை. ஆனால் இன்ஜினின் சீரான நடுக்கம் விடாமல் இருக்கிறது. இந்தச் சன்னமான நடுக்கமும் நாளடைவில் நட்டைக் கழற்றும்.

முதலில் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பொலேரோவோ பழைய மேஜரோ, ஸ்டாண்டைப் பொருத்த மிக உறுதியான இடம் முன் இடது சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்தான். அந்தப் போல்ட்டுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு கொடுத்து, அதிலிருந்து குழாய் எழுப்பி, முழங்காலுக்குச் சற்று மேலே தட்டு வைக்கலாம். இதற்கென்றே செய்த ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் செய்யலாம். பட்டறையில் செய்தால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். தகட்டின் கனத்தால் சீட் போல்ட் மரையில் இறங்கும் நீளம் குறையும். அதனால் அந்த அளவுக்கு நீளமான, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் வேண்டும். அந்தப் போல்ட் சீட்டையும் பிடிக்கிறது, சீட்டில் ஒரு உயிர் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது, எல்லா இணைப்பிலும் நைலான் வளையம் உள்ள நட். சாதாரண நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சில தடவை தாண்டிய பிறகு எப்படி இருக்கும் என்று எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள்.

பந்து மூட்டு உள்ள கை வாங்கினால் 1.5 அங்குலப் பந்து வேண்டும். போனுக்குப் போடும் 1 அங்குலப் பந்து லேப்டாப்பின் எடையைத் தாங்கிக் கோணத்தில் நிற்காது, இறங்கிவிடும். கையின் நீளத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் மூட்டின் மேல் விழும் சுமையும் இரண்டு மடங்காகும், நுனியின் ஆட்டம் அதைவிட அதிகமாகும். முன் கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டும் பிடிமானம் போனுக்குச் சரி, லேப்டாப்புக்குக் கூடவே கூடாது. டாஷ்போர்டு பிளாஸ்டிக்கில் திருகு அடிப்பதும் அப்படியே.

பொருத்தி முடித்ததும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக உலுக்குங்கள். தட்டு மட்டும் ஆடினால் வேலை முடியவில்லை. வண்டியும் சேர்ந்து ஆடினால் சரி. பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட் கழன்றுகொண்டிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். முதல் மலைப் பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்க வேண்டும்.

தட்டு எதற்கெல்லாம் குறுக்கே வரக்கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். கியர், நான்கு சக்கரக் கியர், கைப்பிரேக், டிரைவர் இடது கண்ணாடியைப் பார்க்கும் கோடு, இறங்கும் கதவு. புதிய வண்டியில் காற்றுப்பைக்கு முன்னால் எதையும் வைக்கக்கூடாது. விரியும் காற்றுப்பை லேப்டாப்பை நேராக முகத்தில் அடிக்கும். தட்டின் விளிம்புக்கு ரப்பர் பீடிங் போடுங்கள். வேலை இல்லாதபோது தட்டு மடங்கியோ திரும்பியோ ஒதுங்கும்படி அமையுங்கள், நெஞ்சுக்கு நேரே ஒரு இரும்புத் தட்டோடு மலையிறங்கக் கூடாது.

லேப்டாப்பைத் தட்டில் பிடிக்க நான்கு மூலைக் கிளாம்ப்போ பட்டையோ போதும். ஆனால் அடிப்பாகத்தை மட்டும் பிடித்துத் திரையை விட்டுவிட்டால் உதறல் எல்லாம் கீலில் இறங்கும். லேப்டாப்பில் எளிதில் உடையக்கூடியதும் கீல்தான். திரையின் முதுகுக்கு ஒரு தாங்கு கம்பி கொடுங்கள். கரடுமுரடான பாதை வந்தால் மூடிவிடுங்கள். பைக்கில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிறு வேண்டாம், தேவையான நேரத்தில் அது இழுபடும். அடியில் பஞ்சு மெத்தை வைத்தால் காற்றுத் துளை அடைத்துக்கொண்டு சூடேறும். நான்கு மூலையில் சின்ன ரப்பர் காலே நல்லது.

எதிரெதிரே பெஞ்சு போட்ட பழைய டிரிப் ஜீப்பில் இந்த ஸ்டாண்ட் எல்லாம் நடக்காது. மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே பஞ்சு வைத்து, பெட்டியைத் தரைக் கொக்கியில் லாரிக்காரர்கள் கட்டும் பட்டையால் இறுக்கிவிடுங்கள். லேப்டாப்பை முழுதாக அணைத்த பிறகே உள்ளே வையுங்கள். தூங்கும் நிலையில் வைத்தால் பல புதிய லேப்டாப்புகள் தாமாக விழித்து மூடிய பெட்டிக்குள் கொதிக்கும்.

படகுக்கு வருவோம். அரசுப் படகிலோ வாடகைப் படகிலோ துளை போடக்கூடாது. உங்கள் சொந்தப் படகே ஆனாலும் ஃபைபர் உடலில் போடும் ஒவ்வொரு துளையும் நீர் புகும் வழிதான். கைப்பிடிக் குழாயில் கவ்வும் கிளாம்ப் ஒன்றும், விளிம்புச் சட்டம் அடித்த ஒரு பிளைவுட் பலகையும், அதன் மேல் வழுக்காத ரப்பர் வலையும் போதும். படகின் நடுப்பகுதியில், தாழ்வாக உட்காருங்கள். ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். இன்ஜினுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இது அலையே இல்லாத ஏரிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர்காப்பு மேலாடையை முதலில் போடுங்கள். லேப்டாப் பையின் பட்டையைக் கழுத்தைச் சுற்றியோ மார்பின் குறுக்கேயோ மாட்டிக்கொண்டு படகில் உட்காராதீர்கள். பை படகோடு கட்டப்பட்டிருக்கட்டும், உடம்போடு வேண்டாம். அளவீட்டுக் குறிப்பு போய்விடுமே என்று பயந்தால் கிளம்பும் முன்னரே இன்னொரு பிரதி எடுத்து அலுவலகத்தில் வைத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் பலர் தவறுகிறார்கள். 65 வாட் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். பழைய ஜீப்பின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் ஒயர் பல கை மாறி ஒட்டுப் போட்டதாக இருக்கும். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு அந்த ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அதை நம்பாதீர்கள். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் புதிதாக இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். பியூஸ் லேப்டாப் பக்கம் இருந்து பயன் இல்லை. நடுவில் ஒயர் உரசிப் பாடியில் தொட்டால் தீப்பிடிப்பதைத் தடுப்பது பேட்டரிப் பக்கத்துப் பியூஸ்தான். 230 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்து அதில் வீட்டுச் சார்ஜரைச் செருகுவது வீண். லேப்டாப் டைப்-சி சார்ஜ் ஏற்குமானால் நேராக 12 வோல்ட்டில் ஓடும் கார் சார்ஜரே போதும். லாரியிலும் சில படகுகளிலும் 24 வோல்ட் இருக்கும். செருகும் முன் சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது லேப்டாப்பைக் கழற்றியே வையுங்கள். சார்ஜர் ஒயர் துளையில் நேராக இழுபடாமல், ஒரு வளைவு விட்டுத் தட்டோடு கேபிள் டை போட்டுக் கட்ட வேண்டும்.

உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் இந்தப் பாதைகளில் ஓடும்போது அதை இயக்காதீர்கள். சுழலும் தகட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இடைவெளி கிடையாது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் இல்லை, ஆகவே அதற்கு மாறுவதுதான் வழி. லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. இருந்தும், பேக்கப் எடுக்கும் வெளி டிரைவ் பழைய ஹார்டு டிஸ்காகவே இருப்பது சாதாரணம். அதையும் பாருங்கள்.

திரை தெரிவது வெளிச்சத்தைப் பொறுத்தது. சாதாரண லேப்டாப்பின் ஒளி 250 முதல் 300 நிட் வரைதான். வெயிலில் படிக்கச் செய்த முரட்டு வகை லேப்டாப்புகளில் 1000 நிட்டும் அதற்கு மேலும் உண்டு, விலையும் அப்படியே. சாதாரணத் திரையை வைத்துக்கொண்டே சமாளிக்க, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வையுங்கள். கறுப்புப் பின்னணி வெயிலில் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தைத்தான் காட்டும். எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதத்துக்கு ஏற்றுங்கள், ஆடும் இடத்தில் சின்ன எழுத்தைக் கண் பிடிக்காது. பளபளக்காத மேட் ஒட்டுத்தாள் ஏரி நீரின் எதிரொளியைக் குறைக்கும். போலராய்டு குளிர்கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை இருண்டே போகும். லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைக்கும் முன் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

வளைவுகளில் தலை குனிந்து திரை பார்த்தால் வாந்தி வரும். திரையைக் கண்மட்டத்துக்கு அருகே உயர்த்தினால் கொஞ்சம் குறையும், ஆனால் உயர்த்தினால் ஆட்டம் கூடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. என் முடிவு, மலைப்பாதையில் வண்டி ஓடும்போது வேலை பார்க்காதீர்கள் என்பதே. ஸ்டாண்ட் என்பது லேப்டாப் பத்திரமாக வந்து சேரவும், வண்டி நின்ற இடத்தில் உடனே திறந்து வேலை பார்க்கவும்தான்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் மூணாறிலிருந்து போடிக்கு இறங்கினால், குளிர்ந்த லேப்டாப்பின் மேல் கீழ்நாட்டு வெதுவெதுப்பான காற்று பட்டு ஈரம் கோக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு எடுங்கள். சாரல் மாதங்களில் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இருக்கட்டும்.

டிரைவரைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. கையடக்கக் கருவியை ஓட்டும்போது வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்பது 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி. லேப்டாப் திரை டிரைவர் கண்ணில் படவே கூடாது.

அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக்கு லேப்டாப்பும் டேப்லெட்டும் வாங்க டெண்டர் விடும்போது, அவை ஏறப்போகும் ஜீப்புக்கான ஸ்டாண்ட், பியூஸ் போட்ட ஒயர், கார் சார்ஜர், படகில் போகிறவருக்கு அளவான உயிர்காப்பு மேலாடை ஆகிய நான்கையும் அதே பட்டியலில் சேர்த்து வாங்குங்கள். ஊழியர் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும் என்று விடாதீர்கள்.