வேப்பெண்ணெய் அடிக்கப் போகிறீர்களா? முதலில் சோப்பைக் கவனியுங்கள்

வேப்பெண்ணெய் அடித்து இலை கருகிவிட்டால் பலரும் எண்ணெயைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தவறு சோப்பில் இருக்கிறது. ஸ்பிரேயர் அடியிலிருந்துதான் உறிஞ்சும். சோப்பு சரியாக வேலை செய்யாமல் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் முதலில் அடிக்கும் செடிகளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். கடைசிச் செடிக்கு எண்ணெயாகவே போய்ச் சேரும். கத்தரியில் மாவுப்பூச்சி அப்படியே இருக்க, ஓரத்துச் செம்பருத்தி மறுநாள் வெயிலில் பழுத்துப்போவதைப் பல மாடித் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

சோப்பு என்ன செய்கிறது? எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓடும் தண்ணீரில் இரண்டு துளிகள் நெருங்கும்போது நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அது வடிந்தால்தான் துளிகள் ஒன்று சேரும். வடியும் நீர், நடுவிலிருக்கும் சோப்பையும் வெளியே இழுத்துச் செல்கிறது. சோப்பு குறைந்த அந்த இடத்தில் இழுவிசை கூடி, ஓரத்தில் இருப்பதைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. படலம் வடியத் தாமதமாகிறது. அதற்குள் ஓட்டம் துளிகளைப் பிரித்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மராங்கோனியின் பெயரால் இதை மராங்கோனி விளைவு என்கிறார்கள். உங்கள் ஸ்பிரேயருக்குள் இது நடந்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• எண்ணெயையும் சோப்பையும் முதலில் கலந்துகொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். துளி உடையும் நொடியிலேயே சோப்பு பக்கத்தில் இருக்க வேண்டும்.

• மழைநீர் அல்லது ஆர்.ஓ. குடிநீரில் கலக்குங்கள். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்து வெள்ளைக் கசடாக்கிவிடும். துளிகளைக் காக்க ஆள் இருக்காது.

• வேகமாகக் குலுக்குங்கள். வேகத்தில்தான் எண்ணெய் சிறு துளிகளாக உடையும். சோப்பு போதாத கரைசலை மெதுவாகக் கலக்கினால் துளிகள் ஒட்டி நிற்க நேரம் கிடைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும்.

• அடிப்பதற்கு முன் கண்ணாடி பாட்டிலில் சோதியுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பால் போல வெள்ளையாகவே இருந்தால் சரி. மேலே மஞ்சள் வளையம் கட்டினால் தண்ணீரை மாற்றுங்கள், அல்லது சோப்பைச் சிறிது கூட்டுங்கள்.

• லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயில் தொடங்குங்கள். நான்கைந்து இலைகளில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

• அடிக்கும்போதும் இடையிடையே ஸ்பிரேயரைக் குலுக்குங்கள். நின்ற கரைசலில் எண்ணெய் மேலேறும்.

• உறைந்த எண்ணெயை வெந்நீரில் பாட்டிலோடு வைத்து இளக்குங்கள். கட்டி எண்ணெய் துளியாக உடையாது.

• மாலையில் அடியுங்கள். வெயில் இலையையும் சுடும், எண்ணெயின் வீரியத்தையும் குறைக்கும். தேனீ நடமாட்டமும் மாலையில் குறைவு.

செய்யக்கூடாதவை

• ஆர்.ஓ. கழிவுநீரில் கலக்காதீர்கள். வீணாகாமல் செடிக்குப் போகட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. சோப்பு உடனே திரியும்.

• எப்சம் உப்பை இதே டேங்கில் போடாதீர்கள். அது மக்னீசியம் சல்பேட். கடின நீரைக் காசு கொடுத்துத் தயாரிப்பதற்குச் சமம். தனியாக, வேறொரு நாளில் கொடுங்கள்.

• புளித்த மோர், வினிகர் எதையும் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் சோப்பு உடைந்து கொழுப்பமிலமாகிவிடும். எண்ணெய் மேலே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடித்து முடிக்கும் ஆசைதான் அதிகச் செடிகளைக் கொல்கிறது.

• துணி துவைக்கும் பவுடரைப் போடாதீர்கள். அதிலுள்ள சோடா இலையைச் சுடும். காதி சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும்.

• சோப்பைத் தாராளமாக ஊற்றாதீர்கள். துளிகளின் மேற்பரப்பு நிரம்பிய பிறகு கூடுதல் சோப்பால் பெரிய பயனில்லை. அது இலையின் மெழுகுப் பூச்சைத்தான் கரைக்கும்.

• கடையில் வாங்கிய, நீரில் கலக்கும் வேப்பெண்ணெயில் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சோப்பு சேர்க்காதீர்கள். அதில் ஏற்கெனவே கலவைப் பொருள் இருக்கிறது, லேபிளைப் படியுங்கள்.

• கந்தகம் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்கு எண்ணெய் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும்.

• மீந்த கரைசலை நாளைக்கு வைக்காதீர்கள். தண்ணீரில் கலந்தபின் வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் நாளாக ஆகச் சிதையும், எண்ணெயும் பிரியும். இன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள்.

இன்று மாலை அடிப்பதாக இருந்தால், இப்போதே ஒரு பாட்டிலில் கொஞ்சம் கலந்து வைத்துப் பாருங்கள்.