காற்றாலையும் கரைவலைக்காரரும்

விளக்கைப் போடும்போது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிப்பதில்லை. அது உற்பத்தியாகும் ஊரில் வாழ்பவருக்கு அவ்வாறு மறந்திருக்க வழியில்லை.

நுரைச்சோலை அனல் மின் நிலையம் 2011 முதல் 2014 வரை கட்டங்கட்டமாக இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற் திறனைப் பெற்றது. அது கற்பிட்டிக் குடாநாட்டில், மீனவரும் தோட்டக்காரரும் வாழும் கரையில் நிற்கிறது. வெளிச்சம் நாட்டுக்கு, நிலக்கரித் தூசி அவர்களுக்கு. ஆகவே காற்றுக்கும் வெயிலுக்கும் மாறவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எப்படி மாறுவது என்பதே கேள்வி.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 மார்கழியில் ‘தம்பபவனி’ காற்றாலைத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை நிறுவிய 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். புகையில்லை, சாம்பலில்லை. ஆயினும் மேலும் காற்றாலைகள் வரவிருந்தபோது, 2025 ஆவணியில் மக்களும் குருக்களும் வீதியில் இறங்கினர். ஏன்?

தீவு தாழ்ந்த சமதரை. பாரமான உறுப்புகளை ஏற்றிச் செல்ல உயர்த்திய பாதை வேண்டும். அப்பாதைகள் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியை மறிப்பதால் மாரியில் வீடுகளுக்குள் வெள்ளம் நிற்கிறது என்பது அங்குள்ளோர் முறைப்பாடு. கரையை அண்டிவரும் மீன் குறைந்துவிட்டது என்கின்றனர் மீனவர். இவை எவ்வளவு சரி என்பதை நிபுணர் அளந்து பார்க்கட்டும். அளக்கும்போது அம்மக்களும் உடனிருக்கவேண்டும். திட்டம் முடிவான பின் கூட்டம் வைத்து அறிவிப்பதைக் கலந்தாலோசனை என்று சொல்லமுடியாது.

நட்டஈட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. காணிக்கு உறுதி வைத்திருப்பவர் விலை பெறுவார். கரைவலைப் பாட்டில் தலைமுறையாக வலை இழுக்கும் கூலியாளிடம் எந்த உறுதி இருக்கிறது? மீன் காயவைக்கும் பெண்ணிடம் என்ன பத்திரம் இருக்கிறது? இழப்பவர் பெயர் பல வேளைகளில் பட்டியலிலேயே இராது.

டென்மார்க்கில் 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, புதிய காற்றாலைத் திட்டத்தின் உரிமைப் பங்குகளில் குறைந்தது 20 வீதத்தை, நாலரைக் கிலோமீற்றருக்குள் வாழ்பவருக்கு முதலில் விற்க முன்வரவேண்டும் என்றது. 2020இல் அவ்விதி நீங்கி, அயலவருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் முறை வந்தது. பங்கு வாங்கக் கையில் காசு வேண்டுமல்லவா? நமது மீனவக் குடும்பங்களுக்கு இவற்றுள் எது பொருந்தும், அதனை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாகப் பெற இயலுமா என்பதை அடுத்த சங்கக் கூட்டத்தில் ஆராய்ந்து பாருங்கள்.