ஹைபிரிட்டா, ஃபேர்வே வுட்டா?

கேள்வி: சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் மைதானத்தில் கோல்ஃப் பழகுகிறேன். ஹைபிரிட் வாங்குவதா, ஃபேர்வே வுட் வாங்குவதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: தயக்கமே வேண்டாம், முதலில் ஹைபிரிட். 22 பாகைச் சாய்வுள்ள 4ஆம் இலக்க ஹைபிரிட்டின் தண்டு ஏறக்குறைய 40 அங்குலம். 15 பாகை 3 வுட்டுக்கு 43 அங்குலம். அந்த மூன்று அங்குலம்தான் புதியவரைப் பாடாய்ப் படுத்தும். தண்டு நீள நீள, பந்தை மட்டையின் நடுவில் சந்திப்பது கடினம்.

உங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து இறுகிவிடும். வுட்டின் அகன்ற அடிப்பாகம் அந்தத் தரையில் துள்ளி, பந்தின் உச்சியில் மோதும். ஹைபிரிட்டின் தலை ஒடுக்கமானது. நீண்ட புல்லில் கிடக்கும் பந்தையும் கிளப்பிவிடும்.

தூரம் வுட்டுக்குத்தான் கூட, மறுக்கவில்லை. வீச்சு சீரானதும் அதையும் வாங்குங்கள். ஆனால் 3 வுட் வேண்டாம், 18 பாகை 5 வுட் அல்லது 21 பாகை 7 வுட் பாருங்கள். விதி 14 மட்டைகளை அனுமதிக்கிறது என்பதற்காகப் பையை நிரப்பாதீர்கள். பழகுபவருக்குப் பாதி போதும். ஹைபிரிட்டை வுட் போலத் தரையோடு வழித்து வீசாமல், இரும்பு மட்டையைப் போலச் சற்றுக் கீழ்நோக்கி அடியுங்கள்.