முழங்கால் மாற்றியபின் இரவு வலி

கேள்வி: முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து மூன்று வாரம். இரவில் வலி நித்திரை கொள்ள விடுவதில்லை. இது வழமையா? (வாசகி, ஓலைத்தொடுவாய், மன்னார்)

பதில்: மூன்றாம் வாரத்தில் இரவு வலி வழமையானதே. எலும்பை வெட்டிச் செயற்கை மூட்டைப் பொருத்தும்போது சுற்றியுள்ள தசைகளும் காயப்படுகின்றன. வலி வாரக்கணக்கில் படிப்படியாகத் தணியும். வீக்கமும் சூடும் அடங்கப் பல மாதங்கள் செல்லலாம்.

வலி உச்சிக்கு ஏறியபின் மாத்திரை தேடுவதுதான் பலர் விடும் பிழை. வைத்தியர் எழுதிய நேரத்துக்கே போட வேண்டும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணித்தியாலத்தில் 8ஐத் தாண்டக்கூடாது. ஈரல் நோயாளருக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அதிலும் குறைவு. தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருப்பதால் அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரக, இருதய நோயாளருக்கும் குடற்புண் உள்ளவர்களுக்கும் ஆபத்தானவை; பார்மசியில் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

ஐஸ் நல்ல துணை. மீனுக்கு வரும் ஐஸ்கட்டியையே உடைத்து, சுத்தமான பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, துவாயால் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். காயத்தில் ஈரம் படக்கூடாது. படுக்கையில் தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வைத்தால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் நாளடைவில் கால் நிமிராமல் இறுகிவிடும்.

வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டால் மூட்டு இறுகி வலி நீளும். நடை சமதரையில் இருக்கட்டும். கால் புதையும் கடற்கரை மணல் இப்போது வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தால், மூச்சுத் திணறினால், காய்ச்சலோடு காயத்தில் சீழ் கண்டால், கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.