விட்டுவந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தலும் பார்த்துக்கொள்ளலும்

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் ஊரிலுள்ள வீடு வளவைப் பற்றிக் கேட்டால், "சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறார்" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கின்றது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்த குடும்பங்களும் இதையே சொல்வார்கள். இவர்களுட் பலர் திரும்பிவிட்டனர். பிள்ளைகளின் படிப்பு, புதிய இடத்திற் கிடைத்த காணி, தொழில் என்று பல காரணங்களால் திரும்பாதவர்களும் உண்டு. இப்பாடம் திரும்பாதவர்களுக்கும், திரும்பி வந்து அயலவரின் வீடுகளையும் சேர்த்துப் பார்த்துவருபவர்களுக்கும் உரியது.

வீட்டில் ஒருவர் இருப்பது நல்லதே. ஆளில்லாத வீட்டைக் கறையான் தின்னும், கதவு நிலைகளும் ஓடுகளும் காணாமற் போகும், கிணறு தூர்ந்துவிடும். ஆனால் இருப்பவர் எந்த முறையில் இருக்கிறார் என்பதை நாம் கேட்பதில்லை. வாடகைக்காரராகவா, நமது அனுமதியோடு இருக்கும் உறவினராகவா, அல்லது இது தன்னுடையது என்ற எண்ணத்தோடா? இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசிதான்.

பத்து ஆண்டுக் கணக்கு

எமது நாட்டில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தனியாருக்குச் சொந்தமான காணியொன்றை ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராகத் தனதென்று ஆண்டால் அவர் நீதிமன்றில் அதற்கு உரிமை கோர அச்சட்டம் இடமளிக்கின்றது. ஊரில் "ஆட்சி உறுதி" என்று சொல்லப்படுவது இவ்வழியில் வந்ததே.

ஆனால் அதே சட்டத்துள் நமக்கான பாதுகாப்பும் இருக்கின்றது. இருப்பவர் வாடகை கொடுத்தாலோ, விளைச்சலில் ஒரு பங்கு கொடுத்தாலோ, ஏதாவது சேவை செய்தாலோ, வேறு எவ்வழியிலாவது இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொண்டு நடந்தாலோ, அவருடைய இருப்பு அந்தப் பத்தாண்டுக் கணக்கிற் சேராது. தொகை பெரியதா சிறியதா என்பது இங்கே முக்கியமன்று. ஆண்டுக்கு இருபது தேங்காயும் ஒரு வாழைக்குலையும் போதும், அவை கொடுக்கப்பட்டதற்கு எழுத்து இருந்தால்.

ஆகவே வாடகை என்பது பணம் மட்டுமன்று. மாதம் 500 ரூபாவுக்குக் கொடுத்த பழைய வீடானாலும், அதற்கு எழுதிய பற்றுச்சீட்டு அந்த 500 ரூபாவிலும் பெறுமதி கூடியது.

"போர்க்காலத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்களாமே" என்று சிலர் ஆறுதற்படுகின்றனர். ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் வழக்குத் தொடர முடியாமற் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை விலக்கிக் கணக்கிட 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. வழக்கிடுவதற்கு அது கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டுகளே. அதுமட்டுமன்று, 2009 மே மாதத்திலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினாலுங்கூட பத்து ஆண்டுகள் 2019 மே மாதத்தில் முடிந்துவிட்டன. எழுத்து எதுவும் இல்லாமல் வேறொருவரை வீட்டில் விட்டிருப்பவர்கள் இதை இந்தப் போகத்து வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த போகத்துக்குத் தள்ள வேண்டாம்.

உறவினரிடம் எழுத்துக் கேட்பது

இதுதான் கடினமான இடம். தம்பி முறையானவர் வீட்டில் இருக்கிறார். கூரையைத் தன் செலவில் மேய்ந்தும் இருக்கிறார். அவரிடம் போய்த் துண்டில் ஒப்பமிடு என்றால் மனம் நோகும். "உங்கட வீடுதானே அண்ணை, நான் என்ன தூக்கிக்கொண்டே போகப்போறன்?" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பிரச்சினை பெரும்பாலும் அவரோடு வருவதில்லை; அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகளோடும் நமது பிள்ளைகளோடும் வருகின்றது. அவர்களுக்கு நாம் பேசிக்கொண்டது தெரியாது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கேட்பதும் இலகு, கொடுப்பதும் இலகு. அவர் செய்த திருத்த வேலையின் செலவையும் அதே கடதாசியில் எழுதி, அதைக் கழிப்பதா திருப்பிக் கொடுப்பதா என்று ஒப்புக்கொண்டால் அவருக்கும் அது பாதுகாப்பு. ஒருபக்கத்துக்கு மட்டும் நன்மை தரும் எழுத்தை ஒருவரும் மனமுவந்து ஒப்பமிடமாட்டார்கள்.

எழுத்து இவ்வாறு இருக்கலாம்:

"இன்ன ஊரில் இன்ன பெயருடைய இத்தனை பரப்புக் காணியும் அதிலுள்ள வீடும் கிணற்றுப் பங்கும் இன்னாருக்குச் சொந்தமானவை. அவருடைய அனுமதியுடன் இன்ன திகதி முதல் நான் இதிற் குடியிருக்கிறேன். ஆண்டுதோறும் தை மாதத்தில் இன்னது கொடுப்பேன். அவர் கேட்டு மூன்று மாதத்துள் விட்டுக்கொடுப்பேன். இதுவரை நான் செய்த திருத்தச் செலவு இவ்வளவு ரூபா. அது இவ்விதம் தீர்க்கப்படும்."

இதன்கீழ் இருவரின் ஒப்பமும் அடையாள அட்டை இலக்கமும், இரண்டு சாட்சிகளின் ஒப்பமும் திகதியும் வேண்டும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை இருவர் வீட்டிலும் இல்லாத மூன்றாம் இடத்தில் வையுங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை நாம் விளக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியிற் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வைக்கலாம். ஆண்டுதோறும் பொருளோ பணமோ வாங்கும்போது ஒரு பற்றுச்சீட்டை எழுதி, அதன் அடிக்கட்டையில் கொடுப்பவரின் ஒப்பத்தையும் வாங்குங்கள். பற்றுச்சீட்டு அவரிடம் போய்விடும். நமது கையில் எஞ்சுவது அடிக்கட்டைதான்.

வெளியாருக்கு வாடகைக்குக் கொடுத்தல்

மாதத்துக்கு மாதம் என்ற வாடகைக்கு நொத்தாரிசு தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு என்று எழுதினால், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசின் முன் சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் சட்டத்தின்முன் நில்லாது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று சாதாரண கடதாசியில் எழுதிக்கொள்வது இருவருக்கும் உதவாது. நொத்தாரிசுச் செலவைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொத்தாரிசு முன் எழுதிய குத்தகையின் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீளப் பெறுவதற்கு, 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் சுருக்கமான வழக்கு முறையொன்றைத் தந்துள்ளது. எழும்பாதவரின் மின்சாரத்தை வெட்டுவது, பொருட்களை வெளியே வைப்பது போன்ற வேலைகளில் இறங்கினால் வழக்கு நம்மீது திரும்பும்.

தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனம். அதை எழுத்து மூலம் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். கணவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாத சகோதரிகள் எத்தனையோ பேர் எம்மிடையே உள்ளனர். அவர்கள் அச்சம்மதத்தை மாவட்ட நீதிமன்றத்திடம் கேட்டுப் பெறலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

வயலும் உத்தரவுப்பத்திரக் காணியும்

வீட்டைக் கொடுப்பது போல வயலைக் கொடுக்க முடியாது. வயலைக் குத்தகைக்குச் செய்பவருக்கு 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தனியான உரிமைகளைக் கொடுக்கின்றது. நினைத்தவுடன் அவரை எழுப்ப முடியாது. அது நியாயமான சட்டமே. உழைப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் நாமும் அதைத்தான் கேட்டிருப்போம். ஆகவே கொடுக்குமுன் கமநல சேவை நிலையத்தில் விசாரித்து, பதிவேட்டில் உரிமையாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கிளிநொச்சி போன்ற இடங்களிற் குடியேற்றத் திட்டங்களில் உத்தரவுப்பத்திரத்துடன் காணி பெற்றவர்கள், பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அதை ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது. அரச காணியில் ஆட்சியுரிமை வராது என்பது உண்மை. ஆனால் உத்தரவுப்பத்திரமே இரத்தாகலாம். ஒற்றி என்பது வேறொரு சங்கதி. அது கடன், வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் காணியின் பலனை எடுக்கிறார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் காணி கைக்கு வரும். அவசரத்துக்கு ஒற்றி வைத்துவிட்டு அதை வாடகை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

வாடகையில் எவ்வளவு கையில் நிற்கும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்று எடுத்தால் வருமானம் 165,000 ரூபா. பார்ப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 16,500. வேலி அடைப்பதற்கும் கூரைக்கும் ஒரு மாத வாடகையான 15,000. சோலைவரி, கிணறு இறைப்பு, பூட்டு, குழாய் என்பவற்றுக்கு 7,500. எஞ்சுவது 126,000. மாதத்துக்கு 10,500 ரூபா. இந்தத் தொகையை வைத்தே குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டும். 15,000 என்று எண்ணிக் கடன் எடுத்தவர்கள் முதல் மாரியிலேயே இடறுவார்கள்.

வேலிச் செலவை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள். வேலி பிந்தினால் எல்லை நகரும். கிளுவையும் பூவரசும் நின்ற கதியால் வரிசை ஒரு முழம் உள்ளே வந்தாற் பக்கத்து வளவுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ்தான். நீண்ட வேலியொன்றில் ஒரு முழம் என்பது சிறிய நிலமன்று. சோலைவரிப் பற்றுச்சீட்டு உரிமையாளரின் பெயரிலேயே வரவேண்டும். வாடகைக்காரர் கட்டினாலும் பெயரை மாற்ற விடாதீர்கள். வளவிலுள்ள பனை, தென்னை, மாமரங்களின் பயன் யாருக்கு என்பதையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். வளவுச் சண்டைகள் பல மாங்காயில்தான் தொடங்குகின்றன.

பிறர் வீடுகளைப் பார்ப்பதைத் தொழிலாகச் செய்தல்

ஊருக்குத் திரும்பிய இளைஞர் ஒருவரோ கணவன் மனைவியோ ஏழெட்டு வீடுகளைப் பார்த்துக்கொண்டு, தோட்ட வேலையோடு மேலதிகமாக உழைக்க முடியும். மேற்சொன்ன கணக்கின்படி எட்டு வீடுகளுக்கு ஆண்டுக்கு 132,000 ரூபா வரும். போக்குவரத்தும் தொலைபேசியும் இதற்குள் அடங்கும். முழுக் குடும்பத்துக்கும் போதாது. பக்கத் தொழிலாக நல்லது.

இத்தொழிலைக் கெடுப்பது பணத்தைக் கலப்பதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கொப்பி வையுங்கள். வாடகை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும்; உங்கள் பங்கை அவர் அனுப்பட்டும். வாடகைக்காரர் தந்த முற்பணம் வருமானமன்று, அது அவர் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஒரு வீட்டின் முற்பணத்தில் இன்னொரு வீட்டின் கூரையைத் திருத்தினால் அன்றே கணக்கு உடைந்துவிடும். எவ்வளவு ரூபா வரை கேட்காமற் செலவழிக்கலாம் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒக்ரோபரில் மாரிமழை தொடங்குமுன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் கூரை, வேலி, கிணறு மூன்றையும் நேரிற் பார்த்துப் படமெடுத்து அனுப்புங்கள்.

உரிமையாளர் அற்றோணித் தத்துவம் தருவதானால், வாடகை வாங்கவும் வரி கட்டவும் திருத்தம் செய்யவும் மட்டும் என்று குறுக்கி நொத்தாரிசின் முன் எழுதிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துத் தந்தால் வாங்காதீர்கள். நேர்மையாகப் பார்ப்பவருக்கு அது சுமையேயன்றி உதவியன்று. நாளை குடும்பத்துள் பிணக்கு வந்தால் முதற் சந்தேகம் உங்கள்மேல் விழும். எழுதித் தந்தவர் இறந்தால் அத்தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும். அதன்பின் உரிமைக்காரர்களிடம் புதிதாக எழுத்து வாங்கும்வரை வாடகையை அதே வங்கிக் கணக்கிலே போட்டு, பற்றுச்சீட்டை மட்டும் தொடர்ந்து எழுதுங்கள்.

குழுவாகப் படிப்போர் செய்வதற்கு

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தமது காணி உறுதி அல்லது அதன் இலக்கம், கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டு, இருப்பவர் எழுதித் தந்த ஏதாவது கடதாசி ஆகியவற்றைக் கொண்டுவரட்டும். எதுவும் இல்லாதவர்களின் பெயர்களைத் தனியே எழுதுங்கள். உறுதி தொலைந்தவர்களுக்கு நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எழுதப்பட்ட ஆண்டும் நினைவிருந்தால், காணிப் பதிவகத்தில் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஊரின் மூத்தவர்களிடம் இவற்றைக் கேட்டு எழுதும் வேலையை வாசிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். மேலே தந்த எழுத்தின் மாதிரியைப் பார்த்து ஒவ்வொருவரும் தமது வீட்டுக்கென ஒன்றை அன்றே எழுதிப் பார்க்கட்டும்.